பாதிப் பந்தியில் எழுந்த மின்னஞ்சல்கள்

கரூரில் நல்லசிவம் நடத்தும் போர்வைக் கம்பெனியிலிருந்து புறப்படுகிற மின்னஞ்சல்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் புறப்படும். வாழை இலை போட்டு, சோறு, சாம்பார், ரசம், மோர், கூட ஒரு பொரியல், வெள்ளிக்கிழமை என்றால் வடையும் பாயசமும். பசியோடு போகிற மின்னஞ்சல் வாடிக்கையாளர் வாசலில் நின்று கெஞ்சும், இன்றே கடைசி என்று பொய் சொல்லும், காலைப் பிடிக்கும். வயிறு நிறைந்த மின்னஞ்சல் வந்த விஷயத்தை மரியாதையாகச் சொல்லிவிட்டு ஓரமாக நிற்கும். நல்லசிவம் இதை அனுபவத்தில் கண்டுகொண்டவர். மற்ற கம்பெனிகளில் ஒரு டீயை வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அவர்கள் போர்வை எப்படி விற்கிறது என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

மின்னஞ்சல் என்றால் நாலாம் வகுப்புப் பிள்ளையின் உயரம் இருக்கும். சலவைச் சட்டை போட்டு, தலைப்பை ஓர் அட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும். கம்பெனிக்கு நாலாயிரத்துச் சொச்சம் வாடிக்கையாளர்கள். அத்தனை பேர் வாசலிலும் ஒரே மின்னஞ்சல் ஒரே நேரத்தில் போய் நிற்கும். அதற்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை. கதவைத் திறந்தால் உள்ளே போய் உட்கார்ந்து சொல்ல வேண்டியதைச் சொல்லும். திறக்காவிட்டால் சிறிது நேரம் நின்று பார்க்கும். சாயங்காலம் கம்பெனிக்குத் திரும்பி வந்து, யார் திறந்தார்கள், யார் திறக்கவில்லை என்று ஒப்பித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடும்.

இந்த மின்னஞ்சல்களை எழுதுவது கனகமணியின் வேலை. எழுதி, தலை வாரி, அட்டை மாட்டி, இலை போட்டு, பரிமாறுவதும் அவள்தான். சம்பளம் எழுதுவதற்கு மட்டும். பரிமாறுவதை அவளாகவே எடுத்துக்கொண்டாள். தான் எழுதியதைப் பசியோடு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

கனகமணிக்கு மரகதம் என்று ஓர் அக்கா. தாராபுரத்தில் இருக்கிறாள். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. உப்புப் பெறாத விஷயம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் அது நடந்தபோது இலையில் உப்பு, ஊறுகாய் எல்லாம் வைத்தாகிவிட்டது. கனகமணியின் கல்யாணத்தன்று முதல் பந்தியில், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு இடம் இல்லாமல் போயிற்று. பந்தி பார்த்துக்கொண்டிருந்த மண்டபத்து ஆள், மரகதத்தின் வீட்டுக்காரர் துரைசாமியின் தோளைத் தொட்டு, "நீங்க நம்ம வீட்டு ஆளுதானுங்க, அடுத்த பந்தில உக்காந்துக்கங்க" என்று எழுப்பிவிட்டான். சாம்பாரைப் பிசைந்த கையோடு அவர் எழுந்தார். பக்கத்து இலையில் இருந்த மரகதமும் எழுந்தாள். எதிர்வரிசையில் புதுப்பெண்ணாக உட்கார்ந்திருந்த கனகமணி எழுந்திருக்கவில்லை. தாலி ஏறி அரைமணி நேரம் ஆகாத பெண் எப்படி எழுவாள் என்று கேட்டவர்கள் உண்டு. மரகதம் அவர்களில் ஒருத்தி இல்லை. "இனி உன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். துரைசாமிக்கு எல்லாம் அன்றைக்கே மறந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புரோட்டா நன்றாக இருந்தது என்பது மட்டும்தான் அவருக்கு நினைவிருக்கிறது.

நேரில் போய்ப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். போனாள். கேட்டுக்கு உள்ளேயிருந்து நாய் வாலாட்டியது, அவ்வளவுதான். போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஆனால் மரகதம் என்றைக்கோ அந்தக் கம்பெனியில் ஒரு போர்வை வாங்கியிருந்ததால் தினமும் ஒரு மின்னஞ்சல் அவள் வாசலிலும் போய் நிற்கும். தங்கைக்குத் திறக்காத கதவை மரகதம் மின்னஞ்சலுக்குத் திறந்தாள். ஒருநாள் தவறாமல் திறந்தாள். சாயங்காலம் திரும்பி வருகிற மின்னஞ்சல், மற்றவர்களைப் பற்றியெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கனகமணியின் முகத்தைப் பார்த்து நிற்கும். பிறகு, "தாராபுரத்து அக்கா தெறந்தாங்க. முருங்கக்காய் நறுக்கிட்டு இருந்தாங்க" என்று சொல்லும். இன்னொரு நாள், "வாசல்ல கோலத்த அழிச்சு அழிச்சுப் போட்டுட்டு இருந்தாங்க" என்று சொல்லும். கனகமணிக்கு அன்றைய சோறு அதற்குப் பிறகுதான் இறங்கும்.

பதிலுக்கு அவளும் போர்வையைப் பற்றி எழுதுகிற சாக்கில் அக்காவுக்கு ஒரு வார்த்தை வைப்பாள். "மார்கழிப் பனியில் விடியும் முன்னே வாசல் தெளிக்கிறவர்கள் காதைக் கட்டிக்கொள்ளவும்" என்று ஒருமுறை எழுதினாள். நாலாயிரம் பேருக்கும் அதுதான் போனது. அந்த வாரம் காதைக் கட்டிக்கொள்வதற்காகவே பலர் போர்வை வாங்கினார்கள். காதுக்குப் போர்வை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

ஆவணி மாதம் ஒருநாள் மின்னஞ்சல் திரும்பி வந்து, "தாராபுரத்து அக்கா படுத்துக்கிட்டே தெறந்தாங்க" என்றது. மறுநாள் வந்தது, "காய்ச்சலுங்க. கண்ணு தெறக்க முடியலீங்க. நான் சொன்னத முழுசாக் கேக்கலை. போர்வை போத்தியிருந்தாங்க, ஆனா நம்மளுது இல்லீங்க" என்றது. கனகமணி அன்றைக்குத் தனக்கு இலை போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரத்தில்தான் நல்லசிவம் ஸ்பிளிட் டெஸ்ட் கொண்டுவந்தார்.

ஸ்பிளிட் டெஸ்ட் என்பது எளிதான காரியம். எழுதிய மின்னஞ்சலை நடுவில் பிடித்து, முறுக்கின நூலைப் பிரிப்பதுபோல் மெல்லப் பிரித்தால் இரண்டாக நிற்கும். ஒரே முகம், ஒரே சட்டை. கழுத்தில் மட்டும் வேறு வேறு தலைப்பு. காலையில் இரண்டுக்கும் இட்லி கொடுத்து, கரூரைச் சுற்றியுள்ள சில வீடுகளுக்கு மட்டும் அனுப்புவது. எந்தத் தலைப்பைப் பார்த்து அதிகம் பேர் கதவைத் திறக்கிறார்கள் என்று எண்ணுவது. மதியம் இரண்டும் திரும்பி வந்து பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காரும். சாம்பார் ஊற்றும் நேரத்துக்கு எண்ணிக்கை வந்துவிடும். நல்லசிவம் தானே வந்து, தோற்றதின் தோளைத் தொட்டு, "நீ எந்திரிச்சுக்க கண்ணு" என்பார். கடுமையாகச் சொல்ல மாட்டார். அவருக்குக் கடுமை வராது. அது கையைக் கழுவிக்கொண்டு பின்கேட் வழியாகப் போய்விடும். ஜெயித்ததற்கு ரசம், மோர் என்று பரிமாறி முடித்ததும் அது மிச்சமுள்ள எல்லா வீடுகளுக்கும் புறப்படும். தாராபுரம் அந்த மிச்சத்தில் இருந்தது.

கனகமணி தினமும் இரண்டு தலைப்பு வைக்க வேண்டியிருந்தது. ஒன்று, "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்கிற மாதிரி. மற்றொன்றுக்கு அவள் "உடம்பு இப்போ பரவாயில்லையா?" என்று வைத்தாள். தினமும் அதைத்தான் வைத்தாள். கரூர்க்காரர்களுக்கு உடம்பு நன்றாகவே இருந்ததால் அந்தத் தலைப்பு தினமும் தோற்றது. அவளும் பரிமாறுகிற கரண்டியோடு நின்று அது எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஜெயித்ததாவது போய்ச் சேர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. முதல் நாள் சாயங்காலம் மின்னஞ்சல் திரும்பி வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. திருச்செங்கோட்டு வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, "ஏனுங்க, உங்க மெயிலு எங்க வாசலுக்கு வர்றதே இல்லீங்களே, ஸ்பேம்லதானுங்க போய்க் கெடக்குது" என்றார். அதற்கப்புறம் ஊர் ஊராக அதே போன். ஜெயித்தவை எல்லாம், யாருக்கும் வேண்டாத மின்னஞ்சல்களை ஒதுக்கிப் போடுகிற ஸ்பேமில் கிடந்தன. போர்வை விற்காமல் குடோனில் நெஞ்சு உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தது.

கோயம்புத்தூரிலிருந்து விவரம் தெரிந்த ஒருவரை நல்லசிவம் கூட்டிவந்தார். அவர் மின்னஞ்சலைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இலவசம்" என்ற வார்த்தையை எடுக்கச் சொன்னார். ஆச்சரியக்குறிகளை எடுக்கச் சொன்னார். சட்டைப் பையில் இருந்த படங்களைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். சட்டை கொஞ்சம் தொளதொளவென்று ஆனதே தவிர மின்னஞ்சல் ஸ்பேமுக்குப் போவது நிற்கவில்லை. அவரும் சாப்பிட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார்.

கனகமணிக்குப் போர்வை விற்பதும் விற்காததும் ஒரு பொருட்டாக இல்லை. அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்காரர் லோகுவைத் தாராபுரத்துக்கு அனுப்பினாள். கேட்டில் பூட்டுத் தொங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள், எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். துரைசாமி மாமாவின் போன் அணைந்து கிடந்தது. லோகு திரும்பி வந்து இதைச் சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஆள் எந்தக் கட்டிலில் கிடந்தாலும் தேடிக் கண்டுபிடித்துப் பக்கத்தில் போய் நிற்க மின்னஞ்சலால் மட்டும்தான் முடியும். அந்த மின்னஞ்சலோ ஸ்பேமில் உட்கார்ந்திருந்தது.

ஆகவே கனகமணி ஒரு மதியம் ஸ்பேமுக்குப் போனாள்.

ஸ்பேம் அமராவதி ஆற்றுக்கு அந்தப் பக்கம், வேலிக்காட்டைத் தாண்டி இருக்கிறது. நீளமான தகரக் கொட்டகை. காற்றோட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. வாசலில் அருளப்பன் என்கிற காவல்காரர் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். உள்ளே கோடி ரூபாய் பரிசு விழுந்திருக்கிறது என்று சொல்கிற மின்னஞ்சல்கள் கும்பலாகப் படுத்திருந்தன. தலைமுடி வளரத் தைலம் விற்கிறவை ஒரு மூலையில் ஒன்றுக்கொன்று தலை வாரிக்கொண்டிருந்தன. தூர தேசத்து இளவரசர் ஒருவர், தன் சொத்தைப் பாதி எடுத்துக்கொள்ளச் சொல்லி எத்தனையோ வருஷமாகக் கேட்டுக் கேட்டு, ஒருத்தரும் வாங்கிக்கொள்ளாத ஏக்கத்தில் தூணில் சாய்ந்திருந்தார். கனகமணியைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பறம் வர்றனுங்க" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

கொட்டகையின் கடைசியில் அவளுடைய மின்னஞ்சல்கள் இருந்தன. ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தன. தோற்றது ஒன்று, அதன் பக்கத்தில் ஜெயித்தது ஒன்று. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஜோடி. ஜெயித்தவற்றின் சட்டை நுனியில் முடிச்சு இருந்தது. வெள்ளிக்கிழமை ஜோடியின் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். இலையில் வைத்த வடையில் பாதி. கடிக்காமல் விண்டு எடுத்துவந்திருந்தது.

கனகமணி அதன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்கண்ணு, நீ ஜெயிச்சுட்ட. அத்தன வீட்டுக்கும் போயிருக்கலாம். ஏன் போகல?"

"போகலாம்னுதான் கெளம்புனனுங்க," என்றது அது. "அது பாதில எந்திரிச்சுருச்சுங்க. பக்கத்து எலை எந்திரிச்சதுக்கப்பறம் நாம எப்படீங்க சாப்பிடறது? ரசஞ் சோறு தொண்டையில எறங்கலீங்க. அது எங்க போச்சுன்னு பாத்துட்டு அப்பறம் போலாம்னு வந்தனுங்க. வந்தா அது பசியோட உக்காந்திருக்குது."

"நாலாயிரம் வாசலுக்குமே போகாம வந்துட்டீங்களா?"

"எல்லா வாசலுக்கும் பாதி தூரம் போயிட்டுத்தானுங்க திரும்புனோம்."

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று நம்மவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். முந்தி உட்காரச் சொன்னவர்கள் ஒருத்தரை மட்டும் முந்தி எழுப்பச் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவர் சாப்பிட்டு முடிக்காமல் இலையை மடிக்கக்கூடாது, அவர் எழுந்துவிட்டால் நாம் உட்கார்ந்து விழுங்கக்கூடாது. இதைச் சோறு போட்டு வளர்த்த ஒரு மின்னஞ்சலுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. டீ மட்டும் குடித்துவிட்டுப் போகிற மற்ற கம்பெனி மின்னஞ்சல்களுக்கு இந்தத் தொந்தரவு கிடையாது.

கனகமணி தோற்றவற்றைப் பார்த்தாள். எல்லாவற்றின் கழுத்திலும் அவள் எழுதிய கேள்வியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வரிசை முழுக்க உடம்பு இப்போ பரவாயில்லையா, உடம்பு இப்போ பரவாயில்லையா. அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். மின்னஞ்சல்கள் அவளைத் தொந்தரவு செய்யாமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தன.

கம்பெனிக்குத் திரும்பி வந்து நல்லசிவத்திடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எந்திரிக்கச் சொன்னது நாந்தான். அது சரி. ஆனா எழுப்பலீன்னா எது ஜெயிச்சுதுன்னு எப்படிம்மா தெரியறது?"

"தெரிஞ்சுக்கங்ண்ணா. வேண்டாங்கல. ஆனா ரெண்டும் சாப்டு முடிக்கட்டும். ரெண்டையும் சேத்தே அனுப்பலாம்."

"ஒரு வாசலுக்கு ரெண்டு பேரு போய் நின்னா வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?"

"கல்யாணப் பத்திரிக வெக்க ஒத்தையாவா போறோம், சொல்லுங்க. ரெண்டு பேராப் போனாத்தானுங்ண்ணா வாங்கன்னு சொல்லி உக்கார வெக்கறாங்க."

நல்லசிவம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் தன் பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க ஒத்தையாகப் போன ஒரே வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. "ரசம் இருக்குதா?" என்று கேட்டார்.

ரசம் இருந்தது. அண்டாவோடு குட்டியானைச் சரக்கு வண்டியில் ஏற்றினார்கள். பாயசத் தூக்கை நல்லசிவம் மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். ஆற்றுப் பாலத்தில் வண்டி குதித்தபோது கொஞ்சம் வேட்டியில் சிந்தியது. அவர் தூக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கொட்டகையில் நீளமாக இலை போட்டார்கள். தோற்ற மின்னஞ்சல்களுக்கு, அவை எந்த இடத்தில் எழுப்பப்பட்டனவோ அந்த இடத்திலிருந்து பரிமாற வேண்டியிருந்தது. சாம்பார் பிசைந்த சோறு கொஞ்சம், பிறகு ரசம். நல்லசிவம் ஒவ்வோர் இலை முன்னாலும் குனிந்து, "தெரியாமப் பண்ணிட்டனுங்க, உக்காந்து மெதுவாச் சாப்பிடுங்க" என்றார். தான் அனுப்புகிற மின்னஞ்சலை அவர் நீங்கள் போட்டுப் பேசியது அதுதான் முதல்முறை. ஜெயித்தவையும் விட்ட இடத்திலிருந்து தொடங்கின. கோடி ரூபாய்க்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் இலை போட்டாயிற்று. இளவரசர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தும் சாப்பிடாமல், சொத்தில் பாதி என்று ஆரம்பித்தார்.

"மொதல்ல சாப்பிடுங்க," என்றாள் கனகமணி. "சொத்து எங்க போயிரப் போவுது."

அவர் சாப்பிட்டார். மூன்று முறை ரசம் வாங்கிக்கொண்டார். அருளப்பன் வாசலை விட்டு நகரக்கூடாது என்பதால் அவருக்கு முக்காலியிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

ஒருவரும் முந்தி எழவில்லை. கடைசி மின்னஞ்சல் மோரைக் குடித்துவிட்டு நிமிர்ந்த பிறகு எல்லாரும் சேர்ந்து இலையை மடித்தார்கள். கை கழுவிவிட்டு, ஜோடி ஜோடியாகக் கையைப் பிடித்துக்கொண்டு, தலைப்பு அட்டைகளை நேராக்கிக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே வந்து ஆற்றுப் பாலத்தில் ஏறின. நாலாயிரம் வாசலை நோக்கி அவை போவதைப் பார்த்துக்கொண்டு கனகமணி அண்டாவைக் கழுவினாள்.

மறுநாள் சாயங்காலம் அவை வந்தன. வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. திருச்செங்கோட்டுக்காரர் திறந்தார், ஈரோட்டில் இன்னார் திறந்தார், குளித்தலையில் ஒரு வீட்டில் உட்காரவைத்து முறுக்குக் கொடுத்தார்கள் என்றெல்லாம் ஒப்பித்தன. நல்லசிவம் குடோன் சாவியைத் தேடிக்கொண்டு ஓடினார். கடைசி ஜோடி மட்டும் எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கனகமணியின் முகத்தைப் பார்த்து நின்றது.

"தாராபுரத்து அக்கா ஆஸ்பத்திரியில இருந்து வூட்டுக்கு வந்துட்டாங்க," என்றது ஒன்று.

"எங்க ரெண்டு பேத்தையும் தெறந்தாங்க," என்றது மற்றது.

"யார மொதல்ல தெறந்தாங்க?"

"ஒண்ணாத்தானுங்க தெறந்தாங்க. என்னோட அட்டைய ரொம்ப நேரம் படிச்சாங்க," என்றது கேள்வி அட்டை மாட்டியது. "அப்பறம் சாப்டீங்களான்னு கேட்டாங்க. சாப்டோம்னோம்."

"வேற?"

"முழுசாவான்னு கேட்டாங்க."

கனகமணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு, "முழுசாச் சாப்டோம்னு சொல்லிட்டோம்ங்க" என்று அவையாகவே சொல்லிவிட்டு, செருப்பைத் தேடப் போயின.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையல் முடிகிற நேரத்தில் கனகமணி வீட்டு வாசலில் துரைசாமி மாமா வந்து நின்றார். அவருக்குப் பின்னால் மரகதம், நடுவில் பிரித்த மின்னஞ்சல் போல, இரண்டு பேராக வந்திருந்தாள். இருவருக்கும் காய்ச்சல் விட்டிருந்தது. இருவருக்கும் நெற்றியோரம் முடி கொட்டியிருந்தது. ஒருத்தி செருப்பைக் கழற்றும்போதே சிரித்தாள். மற்றவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸுல மூணு டிக்கெட் ஆச்சு," என்றார் மாமா.

"வாங்க மாமா. வாக்கா," என்றாள் கனகமணி. மற்றவளைப் பார்த்தும், "வாக்கா" என்றாள். லோகு கொல்லைக்குப் போய் இன்னும் இரண்டு இலை அறுத்துக்கொண்டு வந்தார்.

கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாமா, சிரித்த அக்கா, கோபக்கார அக்கா, அவள் பக்கத்தில் கனகமணி. லோகு பரிமாறினார். சிரித்த அக்கா, பொரியலில் தேங்காய் நன்றாக விழுந்திருக்கிறது, உன் வீட்டுக்காரர் இளைத்திருக்கிறாரே, சின்னவன் என்ன படிக்கிறான் என்று இத்தனை வருஷத்துப் பேச்சையும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டே சாப்பிட்டாள். கோபக்கார அக்கா இலையைத் தொடவில்லை.

"கை நனைக்க மாட்டேன்னு சொன்னது நானு," என்றாள். "அவ சொல்லல."

"சரிக்கா," என்றாள் கனகமணி.

லோகு சாம்பார் ஊற்றினார். கனகமணி பிசைந்தாள். முதல் கவளத்தை எடுக்கும்போது கோபக்கார அக்கா எழுந்துவிட்டாள். மாமா தலையைத் தூக்கிப் பார்த்தார்.

கனகமணி கையில் எடுத்த கவளத்தை இலையில் வைத்துவிட்டு எழுந்தாள். சாம்பார் கையை மேலே பட்டுவிடாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு அக்காவுக்குப் பக்கத்தில் நின்றாள். மாமாவும் எழுந்தார். சிரித்த அக்காவும் எழுந்தாள். லோகு சாம்பார் வாளியோடு ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்.

"நீ எதுக்கு எந்திரிச்ச?" என்றாள் கோபக்கார அக்கா.

"நீ எந்திரிச்சுட்டியேக்கா."

மரகதம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இலையில் கிடந்த சோற்றைப் பார்த்தாள். அவள் உதடு கொஞ்சம் கோணியது. பிறகு உட்கார்ந்தாள்.

"உக்காரு. சோறு ஆறுது."

எல்லாரும் உட்கார்ந்தார்கள். அவள் டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றிக் கையை நனைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். "உப்புக் கம்மி," என்றாள். லோகு உப்புக் கொண்டுவந்து வைத்தார். சிரித்த அக்கா முதலிலேயே முடித்துவிட்டாள். ஆனால் இலையை மடிக்காமல், காய்ந்த கையோடு மற்றவள் மோர் குடித்து முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தாள். கனகமணிக்குக் கண் நிறைந்து இலையே தெரியவில்லை. தெரியாமலே சாப்பிட்டு முடித்தாள்.

வெயில் தாழ்ந்ததும் மாமா கிளம்பினார். லோகு பஸ் ஸ்டாண்டு வரை போய் ஏற்றிவிட்டு வந்தார். புரோட்டாக் கடையை மாமா தேடினார் என்றும், அது இப்போது செல்போன் கடையாகிவிட்டது என்றும், இரண்டு டிக்கெட் எடுத்தார் என்றும் சொன்னார். சிரித்த அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டாளாம்.

கோபக்கார அக்கா போகவில்லை. சமையலறையில் மளிகை டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்த்து, இடம் மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ராத்திரிக்கு என்ன பண்றதா இருக்கற?"

"அரிசிம்பருப்புச் சோறுக்கா."

"பூண்டு நெறையாப் போடு," என்றாள் மரகதம், இன்னும் கோபமாகவே. கனகமணி முறத்தை எடுத்துக்கொண்டு பூண்டு உரிக்க உட்கார்ந்தாள்.